பரணில் இருந்த துப்பாக்கி

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கும்? ஓட்டை அண்டா, கால் ஒடிந்த முக்காலி, பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த வெண்கலப் பானை - இப்படி ஏதாவது இருக்கும். வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு துப்பாக்கி இருந்தது!

பயப்படாதீர்கள். நாங்கள் கொள்ளைக் கூட்டம் அல்ல. பச்சைமலைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் கொல்லை. சோளக் கதிர் முற்றியதோ இல்லையோ, காட்டுப் பன்றிகள் விருந்துக்கு வந்துவிடும். அவற்றை விரட்டத் தாத்தா லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி அது. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் நம்மவர்களை லைசென்ஸுக்காகக் கைகட்டி நிற்க வைத்தது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு! வெள்ளைக்காரன் போன பிறகும் தாத்தாவுக்கு அந்தக் காகிதத்தின் மேல் பயபக்தி போகவில்லை. துப்பாக்கி பரணில், லைசென்ஸ் பூஜை அறையில்.

அதில் ஒரு வேட்டுப் போடுவது, ஃபில்டரில் காப்பி இறக்குவதைப் போல நிதானமான காரியம். முதலில் குழாயின் வாய் வழியாக மருந்தை அளந்து கொட்ட வேண்டும். அதன் மேல் தேங்காய் நாரை வைத்து, கெஜக்கோல் என்ற நீண்ட இரும்புக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். பிறகு ஈய ரவைகள், மறுபடி நார், மறுபடி கெட்டிப்பு. கடைசியில் குதிரையைப் பின்னால் இழுத்து, அது விழும் இடத்தில் சின்னஞ்சிறு கேப்பைப் பொருத்த வேண்டும். அப்புறம்தான் குறி பார்ப்பதும் சுடுவதும். தாத்தாவின் பழகிய கைக்கே ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

இப்படி வாய் வழியாக மருந்து கெட்டித்தே ஒரு காலத்தில் ராஜ்யங்களுக்காகச் சண்டை போட்டார்கள். 1751-ல் எங்கள் ஊருக்குச் சற்றுத் தூரத்தில், ரஞ்சன்குடிக் கோட்டையை அடுத்த வாலிகண்டபுரத்தில், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம். முகம்மது அலியும் இங்கிலீஷ்காரர்களும் மறு பக்கம். நன்றாகப் பழகிய சிப்பாய்கூட நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் சுட முடியும். அன்று இங்கிலீஷ்காரர்கள் பின்வாங்கித் திருச்சிராப்பள்ளிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1956-ம் வருஷம். எனக்கு வயது பத்து. ஒரு மாசி மாதத்து இரவு, தாத்தா, அப்பாயி, நான் மூவரும் கொல்லையில் காவல். (அப்பாவின் தாயாரை எங்கள் பக்கத்தில் அப்பாயி என்போம்.) வீட்டில் மட்டுமல்ல, கொல்லையிலும் ஒரு பரண் உண்டு, அதன் மேல்தான் இருந்தோம். நடு நிசியில் சோளத் தட்டைகள் மடமடவென்று முறிந்தன. தாத்தா சுட்டார். காது அடைத்துப் போயிற்று. எங்கும் ஒரே புகை. பன்றிகள் தலைதெறிக்க ஓடின.

தாத்தா அடுத்த வேட்டுக்கு மருந்து கொட்டினார். அதற்குள் மறுபடி சோளத்துக்குள் சலசலப்பு. கறுப்பாக ஏதோ ஒன்று குனிந்தபடி எங்களை நோக்கி வந்தது.

"இந்தாங்க, சீக்கிரம்!" என்றாள் அப்பாயி.

தாத்தாவின் கை கெஜக்கோலைக் குழாய்க்குள் செலுத்திக்கொண்டிருந்தது.

"தாத்தா! நாந்தான்!"

பக்கத்துக் கொல்லைக்காரர் மகன். பன்னிரண்டு வயதுப் பையன். வேட்டுச் சத்தம் கேட்டுப் பன்றி விழுந்ததா என்று பார்க்க, கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். தாத்தா துப்பாக்கியைக் கீழே வைத்தார். அப்பாயி பரணிலிருந்து இறங்கி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முதுகில் இரண்டு வைத்தாள். அன்றிரவு யாரும் தூங்கவில்லை.

அந்தப் பையன் வளர்ந்து பட்டாளத்தில் சேர்ந்தான். 1971 யுத்தம் முடிந்து லீவில் வந்தவன், தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து துப்பாக்கிப் புராணத்தையே சொன்னான். குழாயின் உட்புறத்தில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டினால் குண்டு சுழன்று நேராக வெகுதூரம் போகும், அதுதான் ரைபிள். 1857-ல், தோட்டாக் காகிதத்தில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சுக் கிளம்பிச் சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்களே, அந்த என்ஃபீல்டு ரைபிளுக்கும் வாய் வழியாகத்தான் கெட்டிக்க வேண்டும். 1866-ல் பின்பக்கத்தைத் திறந்து தோட்டாவைப் போடும் ஸ்னைடர் ரைபிள் வந்தது. அதன்பின் புகையில்லாத மருந்து. அப்புறம் பத்துத் தோட்டாக்களை வயிற்றில் வைத்திருக்கும் லீ என்ஃபீல்டு. தேர்ந்த சிப்பாய் நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை குறி பார்த்துச் சுடுவான்.

"இப்ப எங்க கையில இருக்கிறது இருபது தோட்டா போடுறது, தாத்தா. விசையை இழுக்க இழுக்க வெடிச்சுக்கிட்டே இருக்கும். கெட்டிக்கிற வேலையே கிடையாது" என்றான்.

தாத்தா வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "அப்போ, 'நாந்தான்'னு ஒருத்தன் சொல்றதுக்கு எப்படா நேரம்?"

பட்டாளத்துக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

பழைய துப்பாக்கி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எல்லையில் நிற்கும் பிள்ளையின் கையில் கெஜக்கோலைக் கொடுத்து அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்? 1966-ல் எங்கள் பழைய ஜில்லாத் தலைநகரான திருச்சியிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இன்றைய ரைபிள்களில் நிமிஷத்துக்கு 600 குண்டுகள் என்ற வேகத்தில் சுடுபவைகூட உண்டு. ஆனால் அந்த இரவில் ஓர் உயிரைக் காப்பாற்றியது தாத்தாவின் கருணை அல்ல, துப்பாக்கியின் தாமதம். இன்று அந்தத் தாமதத்தை இயந்திரம் தராது. மனிதன்தான் தன் மனத்திலிருந்து எடுத்துத் தர வேண்டும்.

தாத்தா காலமான பிறகு துப்பாக்கியைச் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டோம். உபரியாக இருந்த ஒரு பழைய கெஜக்கோல் மட்டும் தங்கிவிட்டது. அப்பாயி அதைக் கடைசிவரை அடுப்புக் கிளற வைத்திருந்தாள். அவளுக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. காஸ் அடுப்புக்கு அது எதற்கு? இருந்தாலும் என் சமையலறை மூலையில்தான் சாத்தி வைத்திருக்கிறேன். யார் மேலாவது கோபம் வந்து, சுடுசொல் நாக்கின் நுனிக்கு வரும்போது, கண் தானாக அந்த மூலைக்குப் போகும்.