காற்றில் கரையாத இசை

எழுதியது ஏட்டில் நிற்கும். பாடியது காற்றில் கரையும். ஒலிப்பதிவுக் கருவி வந்த பின்னரும் இந்நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. பதிவுக்கூடத்தில் பன்முறை இசைத்துச் செப்பம் செய்யப்படும் பாடல் ஒரு வகை. மேடையில் ஓரிரவு பிறந்து அவ்விரவிலேயே முடிந்துபோகும் இசை மற்றொரு வகை. இரண்டாம் வகை இசையைக் காத்த பெருமை, அமெரிக்காவின் ‘கிரேட்ஃபுல் டெட்’ இசைக்குழுவினுடைய சுவைஞர்களைச் சாரும்.

1965ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் பாலோ ஆல்டோ நகரில் இக்குழு தோன்றியது. கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995ஆம் ஆண்டு மறையும்வரை ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகளை நடத்தியது. மேடையில் தோன்றும் கற்பனைக்கேற்பப் பாடலை விரித்துச் செல்லும் குழுக்களை ‘ஜாம்’ இசைக்குழுக்கள் என்பர். நம் இசைமரபு மனோதர்மம் எனப் போற்றும் பண்பே அவற்றுக்கும் உயிர். ‘டார்க் ஸ்டார்’ என்னும் பாடல் 1968இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது மூன்று நிமிடத்திற்கும் குறைவாகவே ஒலித்தது. மறு ஆண்டில் வெளிவந்த மேடைப்பதிவிலோ அது இருபது நிமிடங்களைக் கடந்தது. நேற்றுக் கேட்டது இன்று இல்லை. இன்று கேட்பது நாளை இல்லை.

இதனை உணர்ந்த சுவைஞர் சிலர், நீண்ட கம்பங்களில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி இசையைப் பதிவு செய்யலாயினர். இசைத்தட்டு விற்பனை குறையும் என அஞ்சி இத்தகைய பதிவுகளைத் தடுப்பதே அந்நாளைய வழக்கம். இக்குழுவினரோ தடுக்காமல் விட்டதோடு, 1984ஆம் ஆண்டு அரங்கில் அவர்களுக்கெனத் தனி இடமே ஒதுக்கினர். பதிவை விற்றுப் பொருளீட்டக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. வேண்டுவோர் வெற்று ஒலிநாடாவையும் அஞ்சற்செலவையும் அனுப்புவர். பதிவு வைத்திருப்பவர் படியெடுத்துத் திருப்பி அனுப்புவார். முன்பின் அறியாதவர்கள் இவ்வாறு நண்பர்களாயினர்.

படிக்குப் படி இரைச்சல் மிகும். ஆயினும் சுவைஞர் அதனைப் பொறுத்துக்கொண்டார். அப்பதிவில் கைதட்டலும் கூச்சலும் கேட்கும். பாடகர் வரி மறந்து தடுமாறுவதும் கேட்கும். ஓர் இசைக்கருவி வழிதேடி அலைய, மற்றவை அதனைப் பின்தொடர்ந்து, எதிர்பாராத ஒரு நொடியில் அனைத்தும் ஒன்றுகூடுவதும் கேட்கும். அந்நொடிக்காகவே அவர் காத்திருந்தார். திருத்தப்பட்ட இசைத்தட்டு முடிந்த கோலத்தைக் காட்டுகிறது. மேடைப்பதிவோ புள்ளி வைப்பது முதல் கோலம் இடுவதையே காட்டுகிறது. தடுமாற்றத்தைக் கேட்டவருக்கே கூடலின் அருமை புரியும்.

இத்தகைய செல்வம் ஒருமுறை அழிவின் விளிம்புவரை சென்றது. இக்குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன், மேடையின் ஒலிக்கலவைக் கருவியிலிருந்தே நேரடியாகப் பதிவு செய்து, நூற்றுக்கணக்கான நாடாக்களைச் சேமித்திருந்தார். வறுமை நெருக்கியது, அவற்றை வைத்திருந்த கிடங்கின் வாடகை நிலுவையாயிற்று. 1986ஆம் ஆண்டு அவை ஏலத்தில் போயின. பலர் கைக்குப் பிரிந்தன. சில, ஈரத்தாலும் பூஞ்சையாலும் பழுதுபட்டன. சுவைஞர்கள் அவற்றைத் தேடிக் கண்டறிந்து, பொறுமையாகச் செப்பனிட்டுப் படியெடுத்தனர்.

அவ்வாறு பிழைத்தவற்றுள் ஒன்று, 1977ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கில் நிகழ்ந்த இசை. அதற்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாட்டின் அரிய ஒலிப்பதிவுகளுக்கான 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் இடமளித்தது. முறையான வெளியீடாக அது கடைக்கு வந்ததோ 2017இல்தான். கடைக்கு வருமுன்பே அது பல்லாயிரம் வீடுகளில் ஒலித்துக்கொண்டிருந்தது.

பூட்டி வைத்த நாடாவைக் காலம் அரித்தது. பகிர்ந்த நாடாவைக் காலத்தால் அழிக்க இயலவில்லை. ஒரு வீட்டில் அறுந்துபோனாலும், மற்றொரு வீட்டில் அதன் படி இருந்தது. கலையைப் படைப்பவர் கலைஞர். கேட்டதை அடுத்தவர் செவிக்குக் கொண்டு சேர்ப்பவர் சுவைஞர். இருவரும் கூடினால்தான் ஓரிரவின் இசை மறுநாளும் வாழும்.