தொடு சொற்கள்: சில குறிப்புகள்

பந்தைப் பிடி, பஸ்ஸைப் பிடி, ஏணியைப் பிடி, பாப்பா கையைப் பிடி. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே வினை போதும். அந்தப் பழக்கத்தில்தான் நம் மாணவர்கள் 'கேட்ச் மை ஹேண்ட்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்ச் என்பது பறப்பதையும் விழுவதையும் ஓடுவதையும் பிடிப்பது. நிற்கிற ஏணிக்கும் நீட்டிய கைக்கும் ஹோல்ட்தான். இறுக்கிப் பிடித்தால் கிரிப். விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பற்றிக்கொண்டால் கிளட்ச். கேட்காமல் கொள்ளாமல் வெடுக்கென்று பிடுங்கினால் கிராப். கிராஸ்ப் கையாலும் நடக்கும், புத்தியாலும் நடக்கும். கணக்கு 'பிடிபட்டது' என்று நாமும் சொல்கிறோமே, அதேதான்.

*

தோளில் தட்டுவது இரண்டு வகை. கூப்பிடுவதற்காக விரல் நுனியால் தட்டினால் டேப். பாராட்டி உள்ளங்கையால் தட்டினால் பேட். அதே உள்ளங்கை ஒரு பக்கமாக நகர்ந்து தடவினால் ஸ்ட்ரோக், அழுத்தித் தேய்த்தால் ரப். பேச்சை நிறுத்தச் சொல்லி முழங்கையால் மெல்ல இடித்தால் நட்ஜ். விரலை நீட்டிக் குத்தினால் போக். எந்த உறுப்பு, எவ்வளவு அழுத்தம், என்ன எண்ணம் என்ற மூன்றும் வினைக்குள்ளேயே இருக்கின்றன. அகராதிப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்கிறவருக்கு இந்த மூன்றும் கிடைப்பதில்லை. கையால் செய்து காட்டித்தான் இவற்றைக் கற்பிக்க வேண்டும்.

*

'ஃபீல் பண்ணாதே' என்றால் தமிழில் வருத்தப்படாதே. ஆங்கில ஃபீலில் வருத்தம் தானாக வராது. 'ஹி ஃபெல்ட்' என்று நிறுத்தினால் கேட்பவர் மீதிக்குக் காத்திருப்பார். இன்னொன்று: டச் கை செய்யும் வேலை, ஃபீல் கைக்குத் தெரியவருவது. துணிக்கடையில் துணியை இரு விரலால் நிமிண்டிப் பார்ப்பது ஃபீல். காட்சிப் பொருளருகே எழுதி வைப்பது 'டோன்ட் டச்'.

'டச் விட்டுப்போச்சு' என்று வீணையைப் பற்றியும் சொல்கிறோம், பள்ளித் தோழியைப் பற்றியும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'அவுட் ஆஃப் டச்' என்பது தொடர்பு அற்றுப்போவது, அல்லது நாட்டு நடப்பு தெரியாமல் இருப்பது. அரசியல்வாதிகளை இப்படித் திட்டுவார்கள். வீணைக்கு 'அவுட் ஆஃப் பிராக்டிஸ்'.

*

மருத்துவமனைத் தாளில் 'டெண்டர்னெஸ்' என்று இருந்தால் மென்மை என்று எண்ணிவிட வேண்டாம். தொட்டாலோ அழுத்தினாலோ வலிக்கிறது என்று பொருள். 'அப்டமன் சாஃப்ட், நான்-டெண்டர்' என்று எழுதியிருந்தால் வயிறு இறுகாமல் இருக்கிறது, அழுத்தினால் வலியும் இல்லை. கவலைப்பட வேண்டிய வரி அல்ல அது.

*

சாஃப்ட் வேறு, ஸ்மூத் வேறு. பளிங்குத் தரை ஸ்மூத், ஆனால் சாஃப்ட் அல்ல. கம்பளி சாஃப்ட், ஸ்மூத்தாக இருக்கவேண்டிய அவசியமில்லை. மாவை 'நைஸாக' அரைப்பது நம் ஊர் வழக்கு. ஆங்கிலத்தில் நைஸ் அந்த வேலையைச் செய்யாது. உலர்மாவுக்கு ஃபைன், அரைத்த மாவுக்கு ஸ்மூத். தொடுபொருளின் தன்மையைச் சொல்வதில் தமிழ்தான் செல்வந்தர் என்பது என் கட்சி. சொரசொர, வழவழ, பிசுபிசு, கொழகொழ, நறநற, மொறுமொறு என்று ஓசையிலேயே தோலுக்குத் தெரிகிறது. கையின் அசைவைப் பிரித்துச் சொல்வதில் ஆங்கிலம் கெட்டி.

*

கான்டாக்ட், கான்டேஜியஸ், டான்ஜிபிள், டாக்ட், இன்டாக்ட் எல்லாம் தொடுதலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. முழு எண்ணைச் சொல்லும் இன்டிஜரும் அப்படியே. யாரும் தொட்டுப் பின்னப்படுத்தாத எண்.

*

'அன்டச்சபிள்'. அமெரிக்காவில் இது புகழ்மொழியாகவும் வரும். சிகாகோவில் தாதா அல் கபோனைத் துரத்திய அதிகாரி எலியட் நெஸ்ஸின் குழுவுக்கு இந்தப் பெயர் வந்தது, லஞ்சத்துக்கு மசியாதவர்கள் என்பதால். விளையாட்டுச் செய்தியில் யாராலும் எட்ட முடியாதவர் என்று பொருள். நம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது இதே வேரிலிருந்து வந்த 'அன்டச்சபிலிட்டி'யை. இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பேட்ஸ்மேனைப் பாராட்ட இந்தச் சொல்லை எழுதக் கூடாது என்பேன். இங்கே அது சுமக்கிற வரலாறு வேறு.

*

டச் என்ற சொல்லின் பொருளுக்காகவே உச்ச நீதிமன்றம் அகராதியைத் திறந்தது. 2021 ஜனவரி 19 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ஒரு தீர்ப்பு சொன்னது. 12 வயதுச் சிறுமியின் மார்பை உடையின் மேல் அழுத்தியவர் மீது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 7ஆம் பிரிவு பாயாது, ஏனென்றால் தோலோடு தோல் படவில்லை என்றது. அந்தப் பிரிவில் இருப்பவை 'டச்', 'ஃபிசிக்கல் கான்டாக்ட்' என்ற சொற்கள். தோல் என்ற சொல்லே அதில் இல்லை. குற்றம் வேறு சட்டப் பிரிவுக்கு மாறியதால் குறைந்தபட்சத் தண்டனை மூன்று ஆண்டிலிருந்து ஓராண்டாகிவிட்டது. அப்படியானால் சர்ஜிகல் கையுறை போட்டுக்கொண்டவன் தப்பிவிடுவானே என்று கேட்டார் அப்போதைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால். நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இரண்டு சொற்களின் அகராதிப் பொருளையும் எடுத்து வைத்து, பாலியல் நோக்கம்தான் குற்றத்தின் உயிர், தோல் பட்டதா என்பதல்ல என்றது.

சட்டை போட்டவர் தோளைத் தொட்டாலும் தொட்டதுதான். ஆங்கிலத்திலும் அப்படித்தான், தமிழிலும் அப்படித்தான். ஒரு குழந்தைக்குத் தெரிந்த இதற்காகப் பத்து மாதம் வழக்காட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

*

நெரிசலான பஸ்ஸில் தெரியாமல் உரசிப் போவது 'பிரஷ் அகென்ஸ்ட்'. வேண்டுமென்றே உடலில் கைவைப்பது 'குரோப்'. அதே குரோப், 'ஃபார்' சேர்ந்தால் மின்வெட்டில் தீப்பெட்டியைத் துழாவுவது. 'ஃபாண்டில்' ஒருகாலத்தில் குழந்தையைக் கொஞ்சுவதற்கும் வந்த சொல். இன்று செய்தித்தாளில் பெரும்பாலும் குற்றச் செய்தியில்தான் பார்க்கிறோம். கொஞ்சலைச் சொல்ல அதைப் பயன்படுத்தாதீர்கள், 'கடில்' இருக்கிறது.

*

பள்ளிகளில் 'குட் டச், பேட் டச்' சொல்லித் தருகிறார்கள். கட்டாயம் வேண்டிய பாடம். 'சேஃப், அன்சேஃப்' என்பது இன்னும் பொருத்தம். தடுப்பூசி வலிக்கும், குழந்தைக்கு அது 'பேட்' என்றே தோன்றும். வஞ்சகத் தொடுதல் வலிக்காமலும் இருக்கலாம்.

போக்சோவின் 25ஆம் பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தைக் குழந்தை சொன்னபடியே மாஜிஸ்திரேட் பதிய வேண்டும் என்கிறது. அதைப் பிறகு ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்களுக்கும் செய்தி எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தை 'கிள்ளினார்' என்றால் 'பின்ச்ட்' என்று எழுதுங்கள். 'அமுக்கினார்' என்றால் 'பிரெஸ்ட்', 'தடவினார்' என்றால் 'ஸ்ட்ரோக்ட்'. எல்லாவற்றையும் 'மிஸ்பிஹேவ்ட்' என்று மூடி எழுதாதீர்கள்.