மூன்றாம் மடிப்பு

யூலை 6, இரவு

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் காலையில் எடுத்த 4×5 அங்குலப் பிலிம் தாள்களைக் கழுவி முடித்தேன். தொட்டித் தண்ணீர் இந்த மாதத்தில் நடுச்சாமத்திலும் சூடாகவே கிடக்கிறது. மீன் வியாபாரியின் ரெஜிபோம் பெட்டியிலிருந்து ஐஸ் வாங்கி, டெவலப்பர் போத்தலைச் சுற்றி அடுக்கி, 20 பாகைக்கு இறக்கித்தான் வேலை பார்க்க முடிகிறது.

எல்லாத் தாளிலும் வலப்பக்க வானத்தில் கருமை படர்ந்திருக்கிறது. நெகற்றிவில் கருமை என்றால் பிரதியில் வெள்ளைப் புகை. களப்பும் கண்டல் கரையும் கூர்மையாக விழுந்திருக்கின்றன. வீச்சுவலையோடு நின்ற ஐயாவின் தலைக்கு மேலேதான் பழுது.

யூலை 7

ஒளி கசிந்தால் எல்லோரும் முதலில் கறுப்பு டேப்பைத் தேடுவார்கள். கமராவைத் தொடுமுன் பிலிமை வாசிக்க வேண்டும். ஒளி எப்போது, எந்த வழியாக நுழைந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

முதலில் ஓரம். தாள் பிலிம் ஹோல்டரின் காடிக்குள் செருகி நிற்கும். காடி மறைக்கும் மெல்லிய விளிம்பில் வெளிச்சம் படாது. என் தாள்களில் அந்த விளிம்பு கண்ணாடிபோல் தெளிவு. கருமை அந்தக் கோட்டோடு வெட்டினாற்போல் நிற்கிறது. ஆகவே ஒளி பட்டபோது பிலிம் ஹோல்டருக்குள் இருந்திருக்கிறது. இருட்டறை, பிலிம் பெட்டி, கழுவும் தொட்டி மூன்றும் சந்தேகத்திலிருந்து விடுபட்டன. விளிம்பும் கறுத்திருந்தால் கதை வேறு.

அடுத்தது ஹோல்டரா, கமராவா? என் ஹோல்டர்கள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் அரத்தால் வெவ்வேறு வெட்டு வைத்திருக்கிறேன். அது பிலிமில் பதிந்து, எந்த ஹோல்டர் என்று காட்டும். எல்லா ஹோல்டர்களிலும் ஒரே இடத்தில் புகை. போதாததற்கு, வள்ளம் சட்டத்துக்குள் வரட்டும் என்று, பிலிமை மூடும் டார்க் ஸ்லைடை இழுத்துவிட்டு அதிக நேரம் காத்திருந்த தாள்களில் கருமை கூடுதல். கமராதான்.

எந்த இடம்? கமராவுக்குள் உருவம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழும். பின்னால் நின்று பார்த்தால் படத்தின் வலப்பக்க வானம் இடது கீழ் மூலை. அங்கே விழுந்த ஒளி எதிர்ப்பக்கத்திலிருந்து, மேலிருந்து வந்திருக்க வேண்டும். வில்லைக்கும் பிலிமுக்கும் இடையே மடிந்து விரியும் துருத்தியின் வலது மேல் விளிம்பைத் தேட வேண்டும்.

பின்னேரம் ஐயா வந்தார். கரையோர வேடர் வழி வந்தவர். “படம் பழுதாப் போச்சா மனே? அதுக்கென்ன, மறுகா ஒருக்கா வந்து நிக்கிறன்” என்றார். 1880களில் இலங்கைக்கு வந்த பால் சரசின், பிரிட்ஸ் சரசின் இருவரும் வேடர்களை அளந்து, படம்பிடித்து, நூலாக்கினார்கள். 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியின் நூலில் கரையோர வேடருக்குத் தனி இயல் உண்டு. இவர்களைப் படம் எடுத்தவர்களுக்குக் குறைவில்லை. எடுத்த படம் வீட்டுச் சுவருக்கு வர வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்குப் புகை படிந்த பிரதி ஆகாது.

யூலை 8

விடாமல் கச்சான் வீசுகிறது. மலையில் ஏறும்போதே ஈரத்தை இழந்து, தாண்டி இறங்கும்போது சூடேறி, சுடுகாற்றாக இந்தக் கரையை வந்தடைகிறது. துருத்தியின் தோல் விறைத்துப்போய்க் கிடக்கிறது.

இந்த மரக் கமராவைப் போன்றவை முன்பு இவ்வளவு தொல்லை தராததற்குக் காரணம் உண்டு. 1875இல் இலங்கைக்கு வந்து, 1877இல் களுத்துறையில் மரியான் நோர்த்தைப் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கமரன் காலத்து ஈரத் தட்டுகளின் வேகம் இன்றைய கணக்கில் ஐஎஸ்ஓ 1 அளவில்தான் இருக்கும். அதுவும் நீல ஒளியைத்தான் பெரும்பாலும் உணரும். என் பிலிம் 400. ஊசித்துளையின் ஒளியை அந்தத் தட்டு பொருட்படுத்தாது, இது மன்னிக்காது. இன்னொன்று: வெயிலில் எஃப் 32இல் ஷட்டர் திறப்பது நொடியில் நூறில் ஒரு பங்கு. டார்க் ஸ்லைட் ஒரு நிமிடம் வெளியே இருந்தால், துளைக்குக் கிடைக்கும் நேரம் வில்லைக்குக் கிடைப்பதைப்போல் 6000 மடங்கு.

இரவு ஒன்பதுக்குப் பிறகு விளக்குகளை அணைத்தேன். சிறிய எல்இடி டோர்ச்சைத் துருத்திக்குள் வைத்து, முன்னும் பின்னும் அடைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்தேன். மடிந்திருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. முழுநீளத்துக்கு இழுத்து இலேசாகச் சரித்ததும் வலது மேல் விளிம்பில், முன்னிருந்து மூன்றாம் மடிப்பின் முனையில், ஒரு வெண்புள்ளி. கணித்த இடமேதான்.

யூலை 9

துணிக்கு அடிக்கும் கறுப்பு வர்ணத்தில் கொஞ்சம் வெள்ளைப் பசை கலந்து, துருத்தியை நீட்டிய நிலையிலேயே உள்ளும் புறமும் மெல்லப் பூசினேன். தடித்த ஒட்டுப் போட்டால் துருத்தி மடியாது. அந்த ஒட்டின் ஓரத்திலேயே புதிதாகக் கிழியும். நன்றாகக் காயாமல் மடித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

யூலை 11

பிலிமை வீணாக்காமல் பிரதித் தாளை 4×5க்கு வெட்டி ஹோல்டரில் இட்டுச் சோதித்தேன். வேகம் மிகக் குறைவு, அதனால் வெயிலில் நெடுநேரம் வைக்க வேண்டும். சிவப்பு விளக்கில் கழுவலாம் என்பது இலாபம். வில்லையை மூடி, ஸ்லைடை இழுத்துவிட்டு, கமராவின் ஒவ்வொரு பக்கத்தையும் சூரியனுக்குக் காட்டினேன். முன்பு புகை படிந்த மூலை சுத்தம். ஆனால் ஒரு ஹோல்டரில், ஸ்லைட் நுழையும் பக்கமிருந்து மெல்லிய கோடுகள் விசிறிபோல் விரிந்திருந்தன. பெரிய கசிவின் மறைவில் இருந்த சின்னக் கசிவு.

யூலை 13

மட்டக்களப்பில் பழைய ஸ்ரூடியோ நடத்தியவர் ஒருவரிடம் அந்த ஹோல்டரைக் கொண்டுபோனேன். ஸ்லைடை இழுத்துவிட்டு வாய்ப்பகுதியில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். “வெல்வெட் தேஞ்சு போச்சு தம்பி. ஸ்லைட் வெளியில வந்தா இந்த மயிர்தானே வாயை மூட வேணும்?” மெல்லிய வெல்வெட் பட்டி ஒன்றை வெட்டித் தந்தார். அதன் கீழே வில்போல் அழுத்தும் தகடு இன்னும் நன்றாகவே இருந்தது. பட்டியை மட்டும் மாற்றினோம்.

மூன்றாம் மடிப்பில் பூசிய வர்ணம் இந்த உப்புக்காற்றில் அதிக காலம் தாங்காது. புதிய துருத்திக்கு அளவெடுத்து அனுப்பியிருக்கிறேன். அது வரும்வரை ஸ்லைடை இழுத்த நேரமெல்லாம் கமராவின் மேல் கறுப்புத் துணி கிடக்கும். ஐயாவுக்கு வியாழன் காலை வசதியாம். பிரதி இரண்டு வேண்டுமாம், ஒன்று வாகரையில் இருக்கும் மகளுக்கு.