கல் வீடுகள், செம்மறியாடுகள், செங்குத்து ஏற்றம்... யார்க்‌ஷயரில் ஒரு சைக்கிள் நாள்!

"ஏத்தத்துல சைக்கிளைத் தள்ளிட்டுப் போறது அவமானமே இல்ல. ஆனா, ஆடு உன்னை முந்திட்டுப் போனா மட்டும் கொஞ்சம் யோசி!"

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கும் அக்கா, புளியோதரை டப்பாவைக் கையில் கொடுத்து வழியனுப்பும்போது சொன்னது இது. விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்று மதியம் பட்டர்டப்ஸ் கணவாயில் மூச்சு வாங்க நின்றபோது, கறுப்பு முகமும் வெள்ளை மூக்குமாக ஒரு செம்மறியாடு நிஜமாகவே என்னைத் தாண்டிப் போனது.

பூங்காவுக்குள் ஊர்கள்

நான் போனது யார்க்‌ஷயர் டேல்ஸ். வட இங்கிலாந்தில் பள்ளத்தாக்கை 'டேல்' என்பார்கள். இந்தப் பகுதி 1954-லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்கா என்றதும் காடு, வேலி, ஜீப் சவாரி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பூங்காவுக்குள்ளேயே ஊர்கள் இருக்கின்றன, பண்ணைகள் இருக்கின்றன. நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம்.

ஜூன் மாதச் சனிக்கிழமை காலை, வாடகை சைக்கிளோடு லீட்ஸில் ரயில் ஏறினேன். ஒரு ரயிலில் சில சைக்கிள்களுக்குத்தான் இடம் உண்டு என்பதால், சீக்கிரமே போய் நிற்க வேண்டும். 24 வளைவுகள் கொண்ட ரிப்பிள்ஹெட் பாலத்தின் மேல் ரயில் போகும்போது, பெட்டியில் இருந்த எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 1875-ல் திறக்கப்பட்ட பாலம் அது. அதைத் தாண்டி கார்ஸ்டேல் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கிருந்து ஹாஸ் என்ற ஊர் சுமார் 10 கி.மீ. பெரும்பாலும் இறக்கம். 'இவ்வளவு சுலபமா?' என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஹாஸ் ஊரோடு முடிந்துபோனது.

வெண்ணெய்க் கணவாய்

ஹாஸிலிருந்து வடக்கே போகும் சாலைதான் பட்டர்டப்ஸ். 'வெண்ணெய்த் தொட்டிகள்' என்று அர்த்தம். உச்சியைத் தாண்டியதும் சாலையோரம் சுண்ணாம்புப் பாறையில் சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குக் குழிகள் இருக்கின்றன. சந்தைக்குப் போன விவசாயிகள், வெயில் நேரத்தில் வெண்ணெய் உருகாமல் இருக்க அதற்குள் இறக்கி வைத்தார்களாம். அதனால் இந்தப் பெயர் என்று கதை சொல்கிறார்கள்.

2014 ஜூலை 5 அன்று, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் முதல் நாள் போட்டி லீட்ஸில் தொடங்கி, இந்தக் கணவாய் வழியாகத்தான் ஹாரோகேட் போய் முடிந்தது. பந்தயக் கணக்குப்படி ஏற்றம் 4.5 கி.மீ., சராசரிச் சரிவு 6.8 சதவிகிதம். அதாவது, 100 மீட்டர் போனால் 6.8 மீட்டர் உயரம். சில இடங்களில் இதைவிட ரொம்பவே செங்குத்து. அன்று மலை ஏற்றங்களுக்கான புள்ளி போட்ட ஜெர்சியை வென்றவர் ஜெர்மனியின் யென்ஸ் ஃபோக்ட். அவருக்கு அப்போது வயது 42! எனக்கு இருபதுகள்தான். ஆனாலும் மூன்று முறை இறங்கித் தள்ளினேன்.

ஏற்றத்தில் கால் வலித்தபோது பெரில் பர்ட்டன் நினைவுக்கு வந்தார். லீட்ஸ் பக்கத்து மார்லி ஊர்க்காரர், ருபார்ப் பண்ணையில் உடலுழைப்பு வேலை பார்த்தவர். 1967-ல், 12 மணி நேரப் போட்டியில் 277.25 மைல் ஓட்டி, ஆண்களின் சாதனையையும் முறியடித்தார். வழியில் ஆண்கள் பிரிவின் முன்னணி வீரரை முந்தியபோது, அவருக்கு ஒரு மிட்டாயை நீட்டிவிட்டுப் போனாராம்! பெண்கள் பிரிவில் அந்தச் சாதனை 50 வருடம் நின்றது.

526 மீட்டர் உயரத்தில் உச்சி. காற்று ஆளைத் தள்ளுகிறது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புளியோதரையைத் திறந்தேன். கீழே ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. அந்தப் பச்சையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, மலைமேல் வரை ஏறிப் போகும் கற்சுவர்கள்.

சிமென்ட் இல்லாத சுவர்

பூங்கா முழுக்க இப்படிப்பட்ட சுவர்கள் 8,000 கி.மீ-க்கு மேல் இருக்கின்றன. சிமென்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. வெறும் கல். பெரும்பாலானவை 18, 19-ம் நூற்றாண்டுகளில் பொது மேய்ச்சல் நிலங்களைப் பிரித்து வேலி போட்டபோது கட்டப்பட்டவை.

இறக்கத்தில் இறங்கி, த்வைட் ஊரைத் தாண்டியதும், பெரியவர் ஒருவர் சரிந்த சுவரை அடுக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளை நிறுத்தியதும் அவராகவே பேச ஆரம்பித்தார். "இது ஒரு சுவர் இல்லம்மா, ரெண்டு சுவர். நடுவுல சின்னக் கல்லா நிரப்பணும். இடையிடையே ரெண்டையும் சேர்த்துப் பிடிக்க நீளக் கல் வைக்கணும். அடியில அகலம், மேல போகப் போகக் குறுகல்" என்றவர், பேசிக்கொண்டே ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சரியான இடத்தில் உட்கார வைத்தார்.

"இந்த வேலையைக் கத்துக்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"வார இறுதிப் பயிற்சிக்கு நகரத்துலேர்ந்து ஆர்வமா வர்றாங்க. ஆனா, இங்கேயே இருந்து செய்யணும்னா, முதல்ல இருக்க வீடு வேணுமே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அடுத்த ஊரில்தான் புரிந்தது.

சாவிப் பெட்டிகள்

அடுத்த ஊர் மியூக்கர். கல் வீடுகள், கல் பலகை வேய்ந்த கூரைகள், 1580-ல் கட்டிய தேவாலயம். அது வருவதற்கு முன்பு, இறந்தவர்களைப் பள்ளத்தாக்கின் கீழே கிரிண்டன் ஊர்த் தேவாலயம் வரை சுமந்து போக வேண்டியிருந்தது. ஊரைச் சுற்றிப் புல்வெளியில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள். வயலுக்கு வயல் கல் கொட்டகைகள். குளிர்காலத்தில் கீழே மாடு, மேலே பரணில் உலர்ந்த புல் என்று ஒரு காலத்தில் பயன்பட்டவை.

காரில் வந்திருந்தால் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போயிருப்பேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்ததால், வாசல் கதவுகளின் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டிகள் கண்ணில் பட்டன. எண் பூட்டு போட்ட சாவிப் பெட்டிகள். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடுகளின் அடையாளம் அது. விருந்தினர் வருவார், எண்ணை அழுத்திச் சாவியை எடுப்பார், இரண்டு நாள் தங்குவார், போய்விடுவார். ஒரே தெருவில் ஆறு பெட்டிகளை எண்ணினேன்.

டீக்கடை அம்மா என்னை 'லவ்' என்று கூப்பிட்டார். யார்க்‌ஷயரில் முன்பின் தெரியாதவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம்மூர் 'கண்ணு' மாதிரி! "வெளியூர்க்காரங்க வர்றதுனாலதான் என் கடை ஓடுது கண்ணு. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா, என் பொண்ணுக்கு இங்க ஒரு வீடு வாங்க முடியல. முப்பது மைல் தள்ளிப் போயிட்டா" என்றார்.

இந்தப் பள்ளத்தாக்கு ஒருமுறை ஏற்கெனவே காலியாகியிருக்கிறது. இங்கே ஈயச் சுரங்கங்கள் இருந்தன. 1880-களில் விலை விழுந்து சுரங்கங்கள் மூடியதும், குடும்பம் குடும்பமாக நிலக்கரி வேலைக்கும் பஞ்சாலை வேலைக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். அப்போது வேலை இல்லாமல் போனார்கள். இப்போது வீடு கிடைக்காமல் போகிறார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கான ஆர்க்கன்கார்த்டேலில் 360 வருடப் பாரம்பர்யம் கொண்ட பள்ளிக்கூடம், குழந்தைகள் இல்லாததால் 2019-ல் மூடப்பட்டது.

அரசும் சும்மா இல்லை. இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கு உள்ளாட்சி வரியை 2025 ஏப்ரலிலிருந்து இரண்டு மடங்காக்கிவிட்டது நார்த் யார்க்‌ஷயர் கவுன்சில்.

ஊரே மீட்ட பாலாடைக்கட்டி

திரும்பும் வழியில் இன்னொரு மலை. அதையும் ஏறி இறங்கினால் ஆஸ்க்ரிக். 1978-ல் ஒளிபரப்பைத் தொடங்கிய பி.பி.சி-யின் கால்நடை மருத்துவர் தொடருக்குப் படப்பிடிப்பு நடந்த ஊர். அங்கிருந்து மாலையில் ஹாஸ் வந்து சேர்ந்தேன்.

ஹாஸில் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டித் தொழிற்சாலை இருக்கிறது. 1992-ல் அப்போதைய நிர்வாகம் அதை மூடி, உற்பத்தியை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனது. வேலை இழந்த மேலாளர்களும் உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவரும் சேர்ந்து அதை வாங்கி, அதே வருடம் மறுபடி திறந்தார்கள். இன்று அதுதான் இந்த வட்டாரத்தின் முக்கியமான வேலைவாய்ப்பு. அதே ஹாஸில், மக்கள் அமைப்பு ஒன்று போஸ்ட் ஆபீஸையும் பெட்ரோல் பங்க்கையும் நடத்துகிறது. 'லிட்டில் ஒயிட் பஸ்' என்ற மினி பஸ்ஸையும் ஓட்டுகிறது. டிரைவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்!

காலையில் சறுக்கிக்கொண்டு வந்த 10 கி.மீ-ஐ இப்போது ஏறி, கார்ஸ்டேலில் கடைசி நேரத்தில் ரயிலைப் பிடித்தேன். மொத்தம் சுமார் 55 கி.மீ.

போக நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. ஜூனில் போனால் பூக்களைப் பார்க்கலாம். மழை கோட் கட்டாயம், பிரேக்கைச் சரிபார்ப்பது அதைவிடக் கட்டாயம். டீயையும் சாப்பாட்டையும் அந்தந்த ஊர்க் கடைகளிலேயே வாங்குங்கள். என்னைப் போலப் புளியோதரை கட்டிக்கொண்டு போகாதீர்கள்!

கதவைத் திறந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "ஆடு முந்துச்சா?"

பதில் சொல்லாமல், ஹாஸில் வாங்கிய பாலாடைக்கட்டிப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தேன்.