திரையில் ஓடிய வண்டி

பாகூரில் தோழர் ஒருவர் வீட்டுக் கூடத்திலே, 2024ஆம் ஆண்டு வெளிவந்த படங்களில் இரண்டைக் கண்டோம்.

'நந்தன்': ஒதுக்கீட்டு ஊராட்சியில் நாற்காலி ஏழைக்கு, அதிகாரம் ஆதிக்கக்காரருக்கு! கருத்து கூர்மை; கண்ணீர்தான் சற்று மிகுதி. எனினும், 1968க்குப் பின் 38 ஆண்டுகள் காத்திருந்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் கண்ட வில்லியனூர், பாகூர் கொம்யூன் மக்கள் காணவேண்டிய படம்.

'கொட்டுக்காளி' வேறு வகை. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கியது. பின்னணி இசை இல்லை, பேருரை இல்லை. காதல் கொண்ட பெண்ணுக்குப் பேய் பிடித்ததாம்! ஓட்டுவதற்காக, பலிச் சேவலோடு ஆட்டோவில் ஏற்றிச் செல்கிறது குடும்பம். மீனாவோ வாய் திறப்பது அரிது. முடிவு கூறாமலே முடிகிறது படம். "இதுவும் ஒரு படமா?" என்று எழுந்து போனார் ஒருவர்.

நாம் எழவில்லை, தோழர்களே! எழ இயலவில்லை. முன்பொரு நாள் வில்லியனூரிலிருந்து அத்தகைய வண்டியொன்று புறப்பட்டபோது, மேடைதோறும் பகுத்தறிவு பேசிய நாமும் அதிலே ஏறினோம். அத்தை மகளின் அருகே வாய்மூடி அமர்ந்தோம். நம் முகத்தை அவள் இருமுறை நோக்கினாள். நாம் சாலையை நோக்கினோம். சேவலைப் பிடித்திருந்ததும் நம் கைதான்.