ஆவுளியா

1960களின் நடுப்பகுதி. நமக்குப் பத்து வயதிருக்கும். மன்னார் வளைகுடாக் கரையோரம் நம் ஊர். ஒருநாள் சுபுஹுத் தொழுகை முடிந்து வாப்பாவுடன் கடற்கரைக்குச் சென்றபோது, மணலில் ஓர் ஆவுளியா கிடந்தது. திருக்கை வலையில் சிக்கி, மூச்சுமுட்டி மாண்டது. அதுவரை அதனை மீன் என்றே எண்ணியிருந்தோம். முன்துடுப்புகளின் அடியில், கக்கத்தை ஒட்டி, இரண்டு பால்காம்புகளைக் கண்டபோதுதான் அது ஒரு தாயென்று உணர்ந்தோம்.

அன்று பகல் அதன் கறி நம் வீட்டிலும் சமைக்கப்பட்டது. நாமும் உண்டோம். அது கூடுமா, கூடாதா என்பதல்ல இங்கே பேச்சு.

கடற்பசு என்று அதற்குப் பெயரிட்டவர்கள் அறிந்தே பெயரிட்டார்கள். எவ்வுயிரையும் வேட்டையாடாமல் கடற்புல்லை மேய்ந்து வாழ்வது அது. கீழ்நோக்கி வளைந்த மூஞ்சியால் புல்லை வேரோடு பறித்துத் தின்னும். அது சென்ற தடம் கடலடியில் உழவுசால்போல் தெரியும். மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும் வரை வளரும் அந்தச் சாதுவுக்கு உறவு மீனன்று. தரையில் வாழும் யானையே. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து நாசித்துளைகளைத் திறந்து மூச்செடுத்தாக வேண்டும். வலை அதற்குக் கொலைக்களமாவது இதனாற்றான்.

எழுபது ஆண்டுகள்வரை வாழக்கூடிய அவ்வுயிர், பதின்மூன்று மாதங்களுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். ஒன்றரை ஆண்டுக் காலம் பாலூட்டும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழாண்டுகள் ஆகும். ஆகவே ஒரு தாய் மாண்டால் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. இதன் இனத்தைச் சேர்ந்த பெருங்கடற்பசு ஒன்று வடகடலில் 1741இல் அறிஞர் கண்ணிற் பட்டது. வேட்டைக்காரர் அதனை 1768க்குள் அடியோடு அழித்துவிட்டனர். இருபத்தேழே ஆண்டுகள்!

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் சட்டம் ஆவுளியா வேட்டையைத் தடுத்தது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு அதன் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சிக்கிய ஆவுளியாவுக்காகத் தம் வலையையே அறுத்துவிடும் மீனவரும் இன்று இருக்கின்றனர். கூலிக்குக் கடலேறும் அவர்களின் ஈகைக்கு முன் நாம் தலைகுனிகிறோம்.

அல்லாஹ்வின் படைப்புகள் நம்மிடம் அமானிதம். அந்த அமானிதத்தை நாம் கறியாகவே கண்டோம்; உயிரோடு ஒருமுறையும் கண்டதில்லை. நம் பேரப்பிள்ளைகளாவது காணட்டும்.