அல்வா மேல் கட்டிய ஊர்

சிவில் படிக்கிறவன் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த சிமெண்ட் நல்லது?" அடியில் இருக்கும் மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த செமஸ்டரில் மண் இயக்கவியல் படித்ததிலிருந்து எனக்கு அந்தக் கேள்விதான் மண்டையைக் குடைகிறது. பயப்படாதீங்க, ஒரே ஒரு சூத்திரம்தான் வரும் :-)

நிலநடுக்க மையத்திலிருந்து தள்ளிப் போனால் சேதம் குறையும் என்பது நம் எல்லோருடைய எண்ணம். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவில் இது பொய்த்தது. பசிபிக் கரையோரத்தில் 8.0 அளவில் நிலநடுக்கம். மெக்சிகோ சிட்டி அங்கிருந்து சுமார் 350 கி.மீ. தள்ளி. அந்நகரின் பாறைப் பகுதியில் பதிவான அதிகபட்ச முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் 3-4 சதவீதம்தான். அதே நகரில் சில கி.மீ. தள்ளி, பழைய ஏரி மண் மேல் இருந்த கருவியில் 17 சதவீதம்! நூற்றுக்கணக்கான கட்டடங்கள் விழுந்தன. ஆயிரக்கணக்கான பேர் இறந்தார்கள்.

காரணம், ஊர் உட்கார்ந்திருக்கும் இடம். டெக்ஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் அஸ்டெக் மக்கள் கட்டிய நகரம் அது. ஸ்பானியர்கள் வந்த பிறகு ஏரியை வடித்துவிட்டார்கள். தண்ணீர் போனது, களிமண் போகவில்லை. ஒரு தட்டில் கடலை மிட்டாயும் அல்வாவும் வைத்துத் தட்டை ஆட்டிப் பாருங்கள். மிட்டாய் தட்டோடு போகும். அல்வா தனக்கென்று ஒரு தாளத்தில் ஆடும்.

அலை பாறையிலிருந்து இளகிய மண்ணுக்குள் நுழையும்போது வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் அதே ஆற்றலைச் சுமக்க வீச்சு கூட வேண்டும். அதோடு, மேலே தரைக்கும் கீழே பாறைக்கும் இடையில் அலை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப மோதுகிறது.

இப்போது அந்த சூத்திரம். மண் ஒரு முறை ஆடி முடிக்கும் நேரம் = 4 × மண்ணின் ஆழம் ÷ குறுக்கலை வேகம். அந்தக் கருவி இருந்த இடத்தில் ஆழம் சுமார் 38 மீட்டர், வேகம் விநாடிக்கு சுமார் 75 மீட்டர். போட்டுப் பாருங்கள், 2 விநாடி வரும். கட்டடத்துக்குத் தோராயமாக மாடிக்கு 0.1 விநாடி. 10 மாடி என்றால் 1 விநாடி. ஆட ஆட விரிசல் விட்டுக் கட்டடம் தளரும், அதன் நேரம் நீண்டு மண்ணின் 2 விநாடியை நெருங்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது மாதிரிதான். அதனால்தான் 6 முதல் 15 மாடி வரை உள்ளவை அதிகம் அடிவாங்கின. 1956-ல் கட்டி முடித்த 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரம் நின்றுவிட்டது.

நம் நாட்டிலும் இதற்குக் கதை உண்டு. 2001 ஜனவரி 26, பூஜ் நிலநடுக்கம். 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்து 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சபர்மதியின் வண்டல் மண் ஒரு காரணம். கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் கார் நிறுத்த விட்டது இன்னொன்று.

சரி, நம்ம சென்னை? இந்தியத் தர நிர்ணயம் 2002-ல் சென்னையை 2-ஆம் மண்டலத்திலிருந்து 3-க்கு ஏற்றியது. ஆனால் மண்டலம் என்பது ஊர் முழுக்க ஒரே எண். பரங்கிமலைப் பக்கம் பாறை தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, வடசென்னையிலும் கடலோரமும் வண்டல் ஆழம். தி.நகரே 1920-களில் ஏரியை வடித்துப் போட்ட ஊர். தெருவுக்குத் தெரு மாறும் இந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் நுண்மண்டல வரைபடம். இரும்புத் தகட்டில் சம்மட்டியால் அடித்து, வரிசையாக வைத்த உணர்விகளில் அலை வேகத்தை அளக்கிறார்கள். போக்குவரத்தும் கடலலையும் தரும் நுண்ணதிர்வைப் பதிந்தே மண்ணின் தாளத்தைக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. ஜப்பானின் நாகமுரா 1989-ல் அதைப் பரவலாக்கினார். குண்டும் வேண்டாம், பூகம்பமும் வேண்டாம்.

போன மாதம் என் மாமா புறநகரில் ஒரு பிளாட் பார்த்தார். பத்து மாடி. ஊர்ப் பெயரே ஏரி என்று முடிகிறது! "மண் பரிசோதனை ரிப்போர்ட் கேளுங்க மாமா" என்றேன். "டேய், மெட்ராஸ்ல ஏதுடா பூகம்பம்?" என்று சிரித்தார். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் வந்தது சென்னையிலும் உணரப்பட்டதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு பில்டரிடம் கேட்டிருக்கிறார். "எல்லாம் பக்காவா இருக்கு சார்" என்றார்களாம், காகிதம் மட்டும் கண்ணில் காட்டவில்லை.

ஏரி மண்ணில் கட்டவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அடியில் எத்தனை மீட்டர் என்ன மண் என்று தெரிந்தால் அதற்கேற்ற உயரம், அஸ்திவாரம், கம்பி என்று வடிவமைக்கலாம். தெரியாமல் கட்டுவதுதான் ஆபத்து. நீங்களும் வீடு வாங்கினால் டைல்ஸ் கலருக்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: மண் ரிப்போர்ட் எங்கே? கீழ்த்தளத்துத் தூண்களை நிலநடுக்கத்துக்குக் கணக்குப் போட்டது யார்?

மாமா இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ரிப்போர்ட்டும் இன்னும் வரவில்லை.